அணுகுதற்கு எளிய தலைவி

அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் அரசு செலுத்திய எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறும் செய்தியொன்றை நம்மிற் பலர் சிறுபராயத்திலேயே கேட்டிருப்போம். அவ்வரசனுடைய படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி தொங்கிற்று. அம்மணியிற் பிணைத்த நீண்ட கயிறு வெளியே விடப்பட்டிருந்தது. நீதி வேண்டி வந்தவர் எவராயினும் அதனை இழுக்கலாம். கன்றை இழந்த பசுவும் இழுத்தது. அரசன் எழுந்து வந்தான். இக்கதையைச் சொல்லுங்கால் நாம் மகனையும் தண்டித்த அவனது நீதியின் கடுமையையே வியந்து பேசுகின்றோம். கயிற்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பிறரை வைத்து வேலை வாங்கும் பொறுப்புச் சிறிதளவாவது என் தலையிற் சுமத்தப்பட்ட பின்பு, எனக்கு அக்கதையில் அந்தக் கயிறே பெரிதாகத் தோன்றலாயிற்று.

பெண்கள் தலைமை ஏற்பது நமது நாட்டிற்குப் புதிதன்று. 1960ஆம் ஆண்டு யூலை மாதம் 21ஆந் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அவர்கள் பிரதமராகப் பதவியேற்றபோது, உலகிலேயே அப்பதவிக்கு வந்த முதற் பெண்மணி என்னும் புகழ் இலங்கைக்குக் கிடைத்தது. 1994இல் அவருடைய மகளார் சந்திரிகா அவர்கள் ஜனாதிபதியானார். 2024இல் ஹரிணி அமரசூரிய அவர்கள் பிரதமரானார். ஆயினும் உச்சியில் ஒருவர் இருப்பதாற் படிகளெல்லாம் நிறைந்துவிடுவதில்லை. அதே 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின் பின் பாராளுமன்றஞ் சென்ற 225 பேரிற் பெண்கள் பத்திலொரு பங்கினைத்தானும் எட்டவில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பாராளுமன்றத்தை அன்று. பாடசாலையின் பகுதித் தலைவி, வைத்தியசாலை வாட்டுக்குப் பொறுப்பான தாதி, வங்கிக் கிளையின் முகாமையாளர், பிரதேச செயலகத்துப் பிரதம லிகிதர், ஆடைத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஆகியோரே என் கண்முன் நிற்கின்றனர். நம் பாடசாலைகளிற் கற்பிப்போருட் பெரும்பாலோர் பெண்கள். பல்கலைக்கழகம் புகும் மாணவரிலும் பெண்களே மிகுதி. எனவே, இப்பத்தியை வாசிக்கும் இல்லங்களிலுள்ள புதல்வியர் பலர் என்றோ ஒருநாள் இத்தகைய நாற்காலியொன்றில் அமரப்போவது உறுதி. அமர்ந்தபின் அவர்களுடைய மணிக்கயிறு எங்கே தொங்கும் என்பதுதான் என் கேள்வி.

என் குற்றமொன்றைச் சொல்லியே மேலே செல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணிபுரிந்த பாடசாலையொன்றிற் பகுதித் தலைவியாக நியமிக்கப்பட்டேன். அவ்வாண்டு க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்பும் பொறுப்பும் என்னைச் சேர்ந்தது. வகுப்பாசிரியைகளுள் ஒருவர் அப்போதுதான் நியமனம் பெற்று வந்த இளம்பெண். அவர் தம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விண்ணப்பத்திற் பாட இலக்கமொன்றைப் பிழையாக எழுதிவிட்டார். சித்திரம் பயின்ற பிள்ளை சங்கீதப் பரீட்சைக்குத் தோற்றுவதாகப் பதிவாகிவிட்டது. விண்ணப்பங்கள் அஞ்சலிற் சேர்வதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே அவர் தம் பிழையைக் கண்டுகொண்டார். கண்டும், அது என் காதுக்கு வரவில்லை. பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்கையில் அனுமதி அட்டை வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

எனக்கு வந்த கோபத்திற்கு அளவில்லை. அவரை அழைத்து, “ஏன் பிள்ளை, தெரிஞ்ச உடனே என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். அவர் நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு மெல்லச் சொன்னார்: “மிஸ், நான் மூன்று தரம் வந்தனான். முதல் தரம் நீங்கள் எழுதிக்கொண்டிருந்தனீங்கள். பிறகு வாங்கோ எண்டு சொன்னனீங்கள். இரண்டாந்தரம் ரெலிபோனிலை கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள். மூன்றாந்தரம், இடாப்புப் பிழையெண்டு இன்னொரு ரீச்சரைப் பேசிக்கொண்டிருந்தனீங்கள். அதைக் கேட்டவுடனை எனக்குக் கால் வரேல்லை.”

அவர் கூறிய ஒவ்வொன்றும் உண்மை. நான் தலை நிமிராமலே “பிறகு வாங்கோ” என்று சொன்னதும் எனக்கு நினைவில் இருந்தது. யாரிடம் சொன்னேன் என்பது மாத்திரம் நினைவில் இல்லை.

பிழை ஈற்றில் திருத்தப்பட்டது. ஆனால் அதற்காக எத்தனை கடிதங்கள், எத்தனை தொலைபேசி அழைப்புக்கள்! அப்பிள்ளையின் தந்தை நாட்கூலி வேலை செய்பவர். அவர் வேலையை விட்டுக் கொழும்புக்குச் சென்று திரும்பினார். அப்பிள்ளை படிக்கவேண்டிய நாட்களை, தன் பரீட்சை என்னாகுமோ என்ற ஏக்கத்திற் கழித்தாள். என்னை நோக்கி ஒரு வார்த்தையும் அவள் கடிந்து சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று. பாட இலக்கத்தைப் பிழையாக எழுதியவர் அந்த இளம் ஆசிரியை. அதனைத் திருத்தவிடாமற் கதவை அடைத்தவள் நான்.

நான் கொடுமைக்காரியா? இல்லையென்றே அன்றுவரை எண்ணியிருந்தேன். எவரையும் வேண்டுமென்று வருத்தியதில்லை. ஆனால் நாம் நம்மைப் பற்றி என்ன எண்ணுகின்றோம் என்பது வேறு. நம் அறைவாயிலில் நிற்பவருடைய கால்கள் முன்வருகின்றனவா, பின்வாங்குகின்றனவா என்பது வேறு.

நிற்க. இது என் ஒருத்தியின் அனுபவம் மாத்திரமன்று. அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்னும் ஆராய்ச்சியாளர், வைத்தியசாலைகளில் நோயாளருக்கு மருந்து கொடுப்பதில் நிகழும் பிழைகளைப் பற்றிய ஓர் ஆய்வினை 1996ஆம் ஆண்டு வெளியிட்டார். 2 வைத்தியசாலைகளின் 8 வாட்டுக்களை அவர் எடுத்துக்கொண்டார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வாட்டுக்களிற் பிழைகள் குறைவாயிருக்கும் என்பதே அவர் முதலில் எதிர்பார்த்தது. கணக்கைப் பார்த்தபோது அவருக்கே திகைப்பு உண்டாயிற்று. நல்ல தலைமையுள்ள வாட்டுக்களிலேயே பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. மிகக் கூடிய எண்ணுக்கும் மிகக் குறைந்த எண்ணுக்கும் ஏறக்குறையப் பத்து மடங்கு வேறுபாடு!

காரணத்தை அவர் ஆராய்ந்தார். பொறுப்பான தாதியிடம் அச்சமின்றிப் பேசக்கூடிய வாட்டுக்களிற் பிழை நேர்ந்தவுடன் தாதியர் அதனை எடுத்துச் சொல்லினர். சொன்னபடியாற் பதிவாயிற்று, பதிவானபடியால் மீண்டும் நேராதிருக்க வழி தேடப்பட்டது. குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதுபோல் விசாரிக்கும் தலைவியின் கீழோ, பிழைகள் மறைக்கப்பட்டன. புத்தகத்தில் வாட்டுச் சுத்தமாகக் காட்சியளித்தது. அச்சுத்தத்தின் விலையைக் கட்டிலிற் கிடந்த நோயாளியே செலுத்தவேண்டியவர்.

ஆகவே, “என்னுடைய கந்தோரில் ஒரு முறைப்பாடும் வருவதில்லை” என்று பெருமை பேசும் சகோதரிகள் சற்றே நின்று யோசிக்கவேண்டும். முறைப்பாடு இல்லாமல் இருக்கின்றதா, அன்றி அது தம்மை வந்தடைய வழியில்லாமல் இருக்கின்றதா?

இனி, வேறொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். “அணுகுதற்கு எளியவளாயிரு” என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லும்போது, “எப்பொழுதும் புன்னகை செய், எதற்கும் தலையசை, எல்லாருக்கும் தாயாயிரு” என்னும் பழைய பாடத்தையே புதுச் சொற்களில் ஓதுகின்றோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆண் அதிபர் கண்டித்தால் அது ‘கண்டிப்பு’. பெண் அதிபர் அதே சொல்லைச் சொன்னால் அது ‘சிடுசிடுப்பு’. அவர் விட்டுக்கொடுத்தாற் பெருந்தன்மை; இவர் விட்டுக்கொடுத்தால் இயலாமை. இந்த இரட்டை அளவுகோல் நம் ஊருக்கு மாத்திரம் உரியதன்று.

அமெரிக்காவில் ஆன் ஹொப்கின்ஸ் என்னும் பெண்மணி பெரியதொரு கணக்காய்வு நிறுவனத்திற் பணிபுரிந்தார். அந்நிறுவனத்தில் அப்பொழுது 662 பங்காளர் இருந்தனர். அவர்களுட் பெண்கள் 7 பேர். 1982இற் பங்காளராகப் பிரேரிக்கப்பட்ட 88 பேருள் ஹொப்கின்ஸ் ஒருவரே பெண். நிறுவனத்துக்குப் பெரும் ஒப்பந்தமொன்றை ஈட்டித் தந்தவர் அவர். ஆயினும் அவருக்கு அப்பதவி கிட்டவில்லை. பெண்களுக்கு இயல்பான முறையில் நடக்கவும், பேசவும், உடுக்கவும், நகை அணியவும் பழகினால் வாய்ப்புக் கூடும் என்று அவருக்குப் புத்தி புகட்டப்பட்டது. அவர் நீதிமன்றஞ் சென்றார். ஒரு பெண் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்னும் பழங்கற்பனையை வைத்து அவளுடைய உத்தியோகத்தை அளப்பதும் பாரபட்சமே என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1989இல் ஏற்றுக்கொண்டது.

எனவே, நான் கூறும் எளிமை முகத்தைச் சார்ந்ததன்று. சிலர் இயல்பிலேயே அதிகம் சிரியாதவர்; அதனால் அவருக்குக் குறைவொன்றுமில்லை. ஒருவர் கசப்பான செய்தியொன்றைக் கொண்டுவந்தால் அதற்கு எவ்வளவு விரைவில், எவ்வளவு அமைதியாகச் செவி கிடைக்கின்றது என்பதே எளிமையின் அளவு. இது பெண்ணுக்கு மாத்திரம் விதித்த இலக்கணமுமன்று. திருவள்ளுவர் ‘இறைமாட்சி’ என்னும் அதிகாரத்தில், மக்கள் காண்பதற்கு எளியவனாயும் கடுஞ்சொல் இல்லாதவனாயும் இருத்தலை அரசனுக்கே இலக்கணமாக வகுத்தார். காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்கும் பண்பினையும் அதே அதிகாரத்திலேயே வைத்தார். ஆண்களாகிய தலைவர்களும் இப்பாடத்தை ஓதவேண்டியவரே.

கண்டிப்பும் எளிமையும் ஓரிடத்திற் பொருந்துமா என்று கேட்பவர்க்கு, என் முதல் நியமனத்தின்போது எனக்குத் தலைமை தாங்கிய அம்மையாரையே விடையாகக் காட்டுவேன். கிராமப் பாடசாலை. காலை மணி அடித்ததும் வரவுப் பதிவேட்டிற் சிவப்புக் கோடு விழும். பிந்தி வந்தவர் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்திடவேண்டும். எவருடைய கெஞ்சலுக்கும் அந்தக் கோடு அசையாது. ஒரு மழைநாளில் பேருந்து தவறி, அம்மையாரே பிந்தி வந்தார். உபஅதிபர் அதற்கு முன்பே கோட்டைக் கீறிவிட்டார். அம்மையார் ஒன்றும் பேசாமற் பேனையை எடுத்து, கோட்டுக்குக் கீழே தம் பெயரை எழுதிவிட்டு வகுப்புக்குச் சென்றார். அன்றுமுதல் அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் எங்களுக்கிருந்த மனக்கசப்பு மறைந்தது.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. இடைவேளையில் தம் அறையிலிருந்து எவரையும் அழைத்து விசாரிக்கமாட்டார். தேநீர்க் கோப்பையைத் தாமே எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்து, காலியாயிருக்கும் எந்தக் கதிரையிலும் அமர்வார். அதிகம் பேசமாட்டார். அந்தப் பதினைந்து நிமிடத்தில், யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த வகுப்பிற் கூரை ஒழுகுகின்றது, எந்த மாணவன் மூன்று நாளாகச் சாப்பாடு கொண்டுவரவில்லை என்பதெல்லாம் அவர் கேளாமலே அவர் காதில் விழும். மறுநாட் காலையில் அவற்றுள் ஏதேனும் ஒன்றாவது செய்து முடிக்கப்பட்டிருக்கும். செய்ய இயலாததை, “இது என்னால் ஏலாது, காரணம் இது” என்று அன்றே சொல்லிவிடுவார். அவர் மறுத்த காரியங்களும் பல. மறுத்தபோது வருந்தினோமேயன்றி அவமானப்பட்டதில்லை.

தமிழகத்தில் வாழ்ந்த சகோதரி சுப்புலட்சுமியின் வரலாறும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1886இற் பிறந்த அவ்வம்மையார் சிறுவயதிலேயே மணமுடிக்கப்பட்டு, சிறுவயதிலேயே கைம்மை எய்தியவர். மூலையில் ஒதுங்கியிருக்க வேண்டியவள் என்று ஊரார் விதித்த வயதிற் கல்வியைத் தொடர்ந்து, 1911இற் சென்னை மாநிலக் கல்லூரியிற் படித்துப் பட்டம் பெற்றார். பின்னர் தம்மைப் போன்ற இளங் கைம்பெண்களைச் சேர்த்து இல்லம் நடத்திப் படிக்க வைத்தார். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டடத்தில் அவ்வில்லம் நடைபெற்றது. 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபரானார். 1958இற் பத்மஸ்ரீ விருது பெற்றார். இத்தனைக்கும் மக்கள் அவரை அழைத்தது ‘சகோதரி’ என்றே. வீட்டார் கண்ணில் அபசகுனமாகக் கருதப்பட்ட சிறுமி, தன் துயரைச் சொல்ல ஓர் ‘அதிபரை’ நாடியிருப்பாளோ என்னவோ. ஒரு சகோதரியை நாடினாள்.

நம் வைத்தியசாலைகளிலும் வாட்டுக்குப் பொறுப்பானவரைச் ‘சிஸ்டர்’ என்றுதான் அழைக்கின்றோம். அச்சொல்லின் பொருளை அழைப்பவரும் மறந்தனர். சிலவிடத்து அழைக்கப்படுபவரும் மறந்தனர்.

இனி, நடைமுறைக்கு வருவோம். என் தவற்றுக்குப் பின் நான் செய்துகொண்ட மாற்றங்கள் மிகச் சிறியவை. முதலாவதாக, வாயிலுக்குப் பக்கவாட்டாகக் கிடந்த என் மேசையை வாயிலை நோக்கித் திருப்பிப் போட்டேன். வருபவர் முகம் எனக்கும், என் முகம் அவருக்கும் தெரியவேண்டும் அல்லவா? இரண்டாவதாக, காலைப் பிரார்த்தனையின் பின் பத்து நிமிடம் எந்தக் கடதாசியையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வேலை மிகுந்தவள் நாள் முழுவதும் கதவைத் திறந்து வைத்திருத்தல் இயலாது. ஆனால் இந்நேரம் திறந்திருக்கும் என்று பிறர் நம்பும்படி ஒரு நேரத்தை ஒதுக்குதல் எவருக்கும் இயலும். “பிறகு வாங்கோ” என்று சொல்ல நேர்ந்தால், எத்தனை மணிக்கு என்றும் சேர்த்துச் சொல்வேன். அந்த மணிக்கு அவர் வராவிடின் நானே தேடிச் செல்வேன்.

மூன்றாவதே கடினமானது. பிழையொன்றை ஒருவர் வந்து கூறியவுடன் என் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, “சொன்னது நல்லது” என்பதாக இருக்கவேண்டும் என்று தீர்மானித்தேன். அடுத்தது, “இப்போ என்ன செய்தால் திருத்தலாம்?” என்பது. யார் செய்தது, ஏன் செய்தது என்பனவெல்லாம் அதற்குப் பின். கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்கத்தான் வேண்டும். அது தனியறையில், தாழ்ந்த குரலில். ஏனெனில், நாம் ஒருவரைப் பலர் கேட்கப் பேசும்போது அவர் ஒருவர் மாத்திரம் பாடம் படிப்பதில்லை. வாயிலில் நிற்கும் இன்னொருவரும் படிக்கின்றார். இங்கே வாய் திறக்கலாகாது என்னும் பாடத்தை. இன்று பலர், அலுவலக வட்ஸ்அப் குழுவில் எல்லார் கண்ணும் பட ஒருவருடைய பிழையை எழுதிவிடுகின்றனர். குரல் உயரவில்லை என்பதால் அது அவமதிப்பாகாது என எண்ணலாகாது. அந்த எழுத்து நெடுநாள் அழியாமல் நிற்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எளிமையென்பது எல்லார் வீட்டுக் கதையிலும் கலந்துகொள்வதன்று. ஒருவர் நம்பிச் சொன்ன குடும்பத் துயரம் மறுநாள் ஆசிரியர் அறையிற் பேச்சாகிவிட்டால், நம் மணிக்கயிற்றை நாமே அறுத்தவராவோம். சிலரை மாத்திரம் அருகழைத்து, அவர் சொல்வதையே வேதமாகக் கொள்வதும் அத்தகையதே. அணுகுதல் எல்லார்க்கும் எளிதாயிருக்கவேண்டும். காவலாளிக்கும், கூட்டித் துப்புரவு செய்யும் அம்மாவுக்கும்.

மாணவியரே, இது பெரியவர்களுக்கான பேச்சு என்று தாளைத் திருப்பிவிட வேண்டாம். வகுப்புத் தலைவியாகவோ, இல்லத் தலைவியாகவோ, மாணவ முதல்வியாகவோ நீங்கள் நியமனம் பெறும் நாளிலேயே இப்பயிற்சி தொடங்குகின்றது. பெயர்களைக் கரும்பலகையில் எழுதிக் கொடுப்பது தலைமையன்று. வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் வாய்பேசாப் பிள்ளை தன் புத்தகம் தொலைந்ததை உங்களிடம் வந்து சொல்கின்றாளா? சொல்கின்றாளாயின் நீங்கள் தலைவி.

பெற்றோர்க்கும் ஒரு சொல். வீட்டில் ஒரு கோப்பை உடைந்தால், “ஆர் உடைச்சது?” என்று அதட்டுவதே நம் வழக்கம். அதட்டலைக் கேட்டு வளர்ந்த பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். பின்னாளில் தனக்குக் கீழுள்ளவரையும் அவ்வாறே அதட்டும். “காலிலை குத்தினதோ?” என்று முதலிற் கேட்கும் தாயின் பிள்ளை உண்மையைத் தானே வந்து சொல்லும்.

அந்த இளம் ஆசிரியையின் பேச்சோடு முடிக்கின்றேன். மறு ஆண்டும் விண்ணப்ப காலம் வந்தது. ஒரு காலையில், பிரார்த்தனை முடிந்த கையோடு அவர் என் அறைக்குள் வந்தார். “மிஸ், ஒரு பிள்ளையின்ரை பிறந்த திகதியைப் பிழையா எழுதிப்போட்டன்” என்றார். முகத்திற் சிறிது அச்சம் இருந்தது. ஆனால் கால்கள் உள்ளே வந்திருந்தன. “சொன்னது நல்லது, பிள்ளை” என்றேன். விண்ணப்பத்தை எடுத்துத் திருத்தி, இருவரும் கையெழுத்திட்டோம். ஐந்து நிமிடமும் ஆகவில்லை. அந்தப் பிள்ளைக்கும் அவள் பெற்றோருக்கும் அப்படியொரு பிழை நேர்ந்தது இன்றுவரை தெரியாது.